மதில் இல்லாத காலத்துச் சொல்

ஔந்துக்கு ஒரு பக்கம் கேம்ப், மறுபக்கம் கேம்பஸ். முளா ஆற்றை ஒட்டிய ராணுவப் பகுதிக்கு ஊரார் வாயில் ‘ஔந்த் கேம்ப்’ என்றே பெயர். கணேஷ்கிண்ட் பக்கம் திரும்பினால் 411 ஏக்கரில் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம். மாணவர்களுக்கு அது கேம்பஸ். ஆட்டோக்காரரிடம் ‘வித்யாபீட்’ என்றால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார். ஓரிடத்தில் விடியுமுன் அணிவகுப்பு, மற்றோரிடத்தில் செமஸ்டர் கவலை. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இந்த இரண்டு இடங்களின் பெயரும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. ‘கம்புஸ்’ என்பது அந்தச் சொல். மேடுபள்ளம் இல்லாத திறந்த நிலம், வயல்வெளி என்பது அதன் முதற்பொருள்.

ரோமில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததையும் கணேஷ்கிண்டில் இந்த நிலத்துக்கு நேர்ந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் நடந்துபோகலாம் என்று கிடந்த வெளி, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சொந்தமான இடமாக மாறியது இரண்டு ஊர்களிலும் நடந்திருக்கிறது. (சத்தாரா மாவட்டத்தில் சமஸ்தானமாக இருந்த ஔந்த் வேறு. நான் சொல்வது புனேயின் வடமேற்கில், ஆற்றங்கரைக் கிராமமாக இருந்து இன்று நகரத்துக்குள் கரைந்துவிட்ட ஔந்த்.)

முதலில் ரோம். டைபர் ஆறு வளையும் இடத்தில், நகருக்கு வெளியே, ‘கம்புஸ் மார்ட்டியுஸ்’ என்றொரு வெளி இருந்தது. போர்த் தெய்வம் மார்ஸின் வெளி. ஆயுதம் ஏந்திய படை நகரின் புனித எல்லையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது ரோமானியர் வழக்கம். ஆகவே படை திரண்டது இங்கே. இளைஞர்கள் குதிரையேற்றமும் ஈட்டியும் பழகியது இங்கே. குடிமக்கள் கணக்கெடுப்பும் கன்சல்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பும் இங்கேதான் நடந்தன. வெறுமனே ‘கம்புஸ்’ என்று சொன்னாலே தேர்தலைக் குறிக்கும் அளவுக்குச் சொல் வளர்ந்துவிட்டது.

தமிழில் இதற்கு ஈடாக நிற்கக்கூடிய சொல் களம். நெல்லடிப்பதும் களம், போர் நடப்பதும் களம், வேட்பாளர் இறங்குவதும் களம். மண்ணில் தொடங்கி வாளுக்குப் போய் வாக்குக்கு வந்து நின்ற பயணம் இரண்டு மொழிகளிலும் ஒன்றுபோல இருக்கிறது. இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. பரந்த நிலம் கிடைத்தால் மனிதர்கள் அதை என்னவெல்லாம் செய்வார்களோ அதைத்தான் இரண்டு சொற்களும் பதிவு செய்திருக்கின்றன.

ஐரோப்பிய மொழிகளுக்குள் போன பிறகு கம்புஸ் எங்கெல்லாம் கிளைத்தது என்று பார்த்தால் பாதி அகராதி வரும். பிரெஞ்சில் ‘ஷாம்’, இத்தாலியிலும் ஸ்பானியத்திலும் ‘காம்ப்போ’. படை வெளியில் இறங்கிப் போரிடும் பருவம் ‘கேம்பெய்ன்’ ஆகி, இன்று தேர்தல் பிரசாரத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் பெயர். களத்தில் இறங்கிச் சண்டையிட்டவன் ‘சாம்பியன்’. படை கூடாரம் அடித்துத் தங்கிய இடம் ‘கேம்ப்’.

இந்தக் கதையில் என்னை அதிகம் பிடித்து நிறுத்துவது ரோமில் அந்த வெளிக்கு வந்த முடிவு. வாக்களிக்க வருகிறவர்களைக் குழுக்குழுவாகப் பிரித்து நிறுத்த அங்கே வேலி அடைத்தார்கள். ‘செப்டா’ என்று பெயர். அடைப்புகள் என்று பொருள். மக்கள் அதை ‘ஓவிலே’, அதாவது ஆட்டுப்பட்டி என்றும் அழைத்தார்கள். ஜூலியஸ் சீசர் அதைப் பளிங்கில் எடுத்துக்கட்டத் திட்டமிட்டார். கி.மு. 26இல் அக்ரிப்பா முடித்துவைத்தார். கட்டடம் எழுந்து நின்றபோது குடியரசு போய்விட்டது. ஆட்சி ஒருவர் கையில், வாக்கெடுப்பு வெறும் சடங்கு. மக்கள் தீர்ப்புச் சொல்வதற்காகக் கட்டிய மண்டபத்தில் கிளாடியேட்டர் சண்டைகள் நடந்தன. பிறகு அது விலையுயர்ந்த பொருட்கள் விற்கும் அங்காடி ஆயிற்று. சுற்றிலும் குளியல் மண்டபங்கள், கோயில்கள், நாடக அரங்குகள். வெளி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1817 நவம்பர் 5. மழைக்காலம் முடிந்து பயிர் நின்ற நேரம். பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை புனே நகரிலிருந்து கணேஷ்கிண்டை நோக்கிப் புறப்பட்டது. கிண்ட் என்றால் மராத்தியில் குன்றுகளுக்கிடையே உள்ள கணவாய். கட்கியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை காத்திருந்தது. எல்பின்ஸ்டன் என்ற கம்பெனிப் பிரதிநிதி சங்கம் பகுதியிலிருந்த தன் மாளிகையை விட்டு வெளியேறிய கொஞ்ச நேரத்தில் அது எரிந்தது. அன்று அங்கிருந்து கண்ணால் பார்த்த ஜேம்ஸ் கிராண்ட் டஃப், 1826இல் வெளிவந்த தன் மராட்டியர் வரலாற்றில் அந்தப் பிற்பகலை எழுதிவைத்திருக்கிறார். காற்றே இல்லாத புழுக்கம். குதிரைக் குளம்படியும் பீரங்கிச் சக்கரங்களின் உருளலும் தவிர வேறு ஓசையில்லை. வயலில் வேலை செய்துகொண்டிருந்த குடியானவர்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள். மாடுகள் நுகத்தடியை அறுத்துக்கொண்டு பாய்ந்தன. படுத்திருந்த மான்கள் துள்ளி ஓடி, ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தன. குதிரைப்படை வேலிகளையும் நின்ற பயிரையும் மிதித்துச் சமமாக்கிக்கொண்டு வந்தது.

போரின் முடிவைவிட இந்தக் காட்சிதான் எனக்கு முக்கியம். இன்றைக்கு நூலகமும் விடுதியும் ஆய்வகமும் நிற்கும் சுற்றுவட்டாரம் அன்று உழுத நிலம். ஒரே பிற்பகலில் ஏர்க்களம் போர்க்களமாயிற்று. லத்தீன் சொல்லின் முதல் இரண்டு பொருளும் ஒரே நாளில் இந்த மண்ணில் அரங்கேறின. பாபு கோகலே தலைமையில் பாய்ந்த மராட்டியக் குதிரைகள், கம்பெனி அணிக்கு முன்னால் கண்ணில் படாமல் கிடந்த சதுப்பில் சிக்கித் தடுமாறின. பர்வதி குன்றின் மேலிருந்து பாஜிராவ் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் புனே கம்பெனி வசமானது.

வென்ற படை கூடாரம் அடித்தது. கேம்ப் என்றால் பிரித்துச் சுருட்டிக்கொண்டு போகவேண்டியது. புனேயில் அது போகவேயில்லை. நகரின் கிழக்கே உருவான கன்டோன்மென்ட்டுக்குப் பெயரே கேம்ப் என்று நிலைத்துவிட்டது. பாரசீகத்திலிருந்து வந்த ‘லஷ்கர்’ என்ற பெயரும் மராத்தியில் கூடவே வாழ்கிறது. கட்கி இன்னொரு கன்டோன்மென்ட் ஆனது. அங்கே 1869இல் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. கேம்ப், கட்கி, தேஹு ரோடு என்று ராணுவத்தைச் சுற்றி வளர்ந்த பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டுக்குள் தமிழும் வாசலைத் தாண்டினால் மராத்தியும் பேசும் அந்தக் குடும்பங்களில், ‘எந்த ஊர்?’ என்று கேட்டால் முதலில் வரும் பதில் ‘கேம்ப்’ அல்லது ‘கட்கி’. திருநெல்வேலியோ வேலூரோ பின்னால்தான் வரும்.

தமிழ்நாட்டிலும் இந்தச் சொல் தற்காலிகம் என்ற தன் பொருளைப் பாதி காப்பாற்றியிருக்கிறது, பாதி இழந்திருக்கிறது. அலுவலகத்தில் ‘சார் கேம்ப் போயிருக்கார்’ என்றால் இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று அர்த்தம். கண் கேம்ப், ரத்ததான கேம்ப், என்.எஸ்.எஸ். கேம்ப் எல்லாம் வந்துபோகிறவை. ஆனால் ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் பார்க்கும் ‘மண்டபம் கேம்ப்’ என்ற நிலையம் அப்படியல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. 1983க்குப் பிறகு கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்தவர்களுக்கும் அதுவே முதல் நிழல். தமிழக அரசு 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. அகதி என்ற சொல் போனது நல்லதுதான். முகாம் என்ற சொல் இன்னும் நிற்கிறது. முகாமில் பிறந்து முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களுக்கு அதைத் தங்குமிடம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கணேஷ்கிண்டில் அடுத்து எழுந்தது மாளிகை. பம்பாய் ஆளுநர் பார்ட்டில் ஃப்ரெயர் 1864இல் கவர்ன்மென்ட் ஹவுஸ் கட்டத் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி விலை ஏறி, பம்பாயில் பணம் புரண்ட காலம். 1871இல் வேலை முடிந்தபோது கணக்கு 1,75,000 பவுண்டைத் தொட்டிருந்தது. பருத்திச் செழிப்பு அதற்குள் சரிந்துவிட்டது, மாளிகைச் செலவு லண்டன்வரை கண்டனத்துக்குள்ளானது. மழைக்காலங்களில் ஆளுநர்கள் வந்து தங்க ஒரு கோபுர மாளிகை, அதைச் சுற்றிப் புல்வெளி, தோட்டம், காவல். உழுத வெளிக்கு முதன்முதலாக எல்லையும் வாயிலும் வந்தன. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா அரசியின் வைரவிழா விருந்து முடிந்து இந்த மாளிகையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பிளேக் அதிகாரி ராண்டை, கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். வாயிலுக்கு உள்ளே வாணவேடிக்கை, வெளியே பிளேக் கெடுபிடியில் நொந்துபோன நகரம். ஒரு நிலத்தைச் சுற்றி எல்லை எழுந்தால் உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் நடுவில் என்ன வளரும் என்பதற்கு அந்த இரவைவிட வேறு சான்று வேண்டாம்.

கல்விக்கூடத்துக்குக் கேம்பஸ் என்ற பெயர் வந்த கதை அட்லாண்டிக்குக்கு அப்பால் நடந்தது. இன்று பிரின்ஸ்டன் என்று அறியப்படும் பல்கலைக்கழகம் அன்று நியூ ஜெர்சி கல்லூரி. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கட்டடங்கள் நாலாபக்கமும் சூழ, நடுவில் முற்றம் இருக்கும். நியூ ஜெர்சியில் அப்படியில்லை. நாசா ஹால் என்ற ஒற்றைக் கட்டடம், அதற்கு முன்னால் சாலைவரை திறந்த புல்வெளி. 1774 ஜனவரியில் மாணவர் ஒருவர் எழுதிய கடிதம், கல்லூரிக் கிடங்கிலிருந்த தேயிலையைத் திரட்டி அந்தக் ‘கேம்பஸில்’ தீமூட்டி எரித்ததைச் சொல்கிறது. பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கல்லூரி நிலம் என்ற பொருளில் இந்தச் சொல் நமக்குக் கிடைக்கும் ஆகப் பழைய இடம் அந்தக் கடிதம்தான். ஹார்வர்டில் இன்றும் அந்த இடத்துக்குப் பழைய பெயரான ‘யார்ட்’ என்பதே வழங்குகிறது. கேம்பஸ் என்ற சொல் முதன்முதலில் தலைகாட்டும்போதே மாணவர் கிளர்ச்சியோடு சேர்ந்து வந்திருக்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி. கூடுவதற்கு இடம் இருந்தது, கூடினார்கள்.

1949 பிப்ரவரி 10இல் பூனா பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் எம்.ஆர். ஜெயகர். ஆளுநர் மாளிகையும் அதன் நிலமும் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. விடுதலைக்குப் பிறகு நடந்த அழகான கைமாற்றங்களில் இதுவும் ஒன்று என்பேன். அழைப்பிதழ் இல்லாமல் எட்டிப் பார்க்க முடியாத இடத்துக்குள், முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகள் புத்தகத்தோடு நுழைந்தார்கள். மைய வாயில் திறந்தது. ஆலமரங்களின் கீழே வகுப்பு முடிந்தும் பேச்சு தொடர்ந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் காலைநடைக்கு வந்தன. 2014இல் பல்கலைக்கழகத்துக்குச் சாவித்ரிபாய் புலேயின் பெயரைச் சூட்டியபோது அந்தக் கைமாற்றம் முழுமை பெற்றது. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டோருக்கும் பள்ளி நடத்தியதற்காகச் சாணமும் கல்லும் வாங்கியவர், ஆளுநர்களின் நிலத்துக்குப் பெயரானார்.

அந்த நிலத்துக்குள்தான் நம் நாட்டு அறிவியலின் ஒரு பெரும் பகுதி வளர்ந்தது. ஜெயந்த் நார்லிகர் 1988இல் தொடங்கிய ஐயுகா என்ற வானியல் மையம், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் கருங்கல் சுவர்களோடு அங்கே நிற்கிறது. அதே ஆண்டு தொடங்கிய சி-டாக், 1991இல் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரை உருவாக்கியது. கோவிந்த் ஸ்வரூப்பின் ரேடியோ வானியல் மையமும் அங்கேதான். அவரும் அவர் குழுவினரும் முதலில் வேலை செய்தது நம் நீலகிரியில். ஊட்டிக்கு அருகே முத்தோரையில், மலைச்சரிவையே பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்த மேடையாகக் கொண்டு, 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை 1970இல் எழுப்பினார்கள். பிறகு புனேக்கு வடக்கே நாராயண்காவ் அருகில் கோடத் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்களை விளைநிலங்களுக்கு நடுவே பரப்பினார்கள். விண்ணைக் கேட்க ஆரவாரமற்ற வெளி வேண்டும். நகரத்துக் கேம்பஸில் அது இனிக் கிடைக்காது என்பதால் உண்மையான வயல்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஔந்த் பக்கமே உள்ள ஸ்பைசர் கல்லூரிக்கும் தமிழ்மண் தொடர்பு உண்டு. அட்வென்டிஸ்ட் திருச்சபை அதை 1915இல் தொடங்கியது கோயம்புத்தூரில். பெங்களூருக்கு மாறி, 1942இல் இங்கே வந்து சேர்ந்தது. இன்று அது பல்கலைக்கழகம்.

கேம்பஸுக்குத் தமிழில் நாம் எடுத்துக்கொண்ட சொல் வளாகம். நல்ல பழைய சொல். புறநானூற்றில் நக்கீரர் பாட்டில் அது கடல் வளைத்த உலகத்தையே குறிக்கிறது. வளைப்பு, சூழ்வு என்பதுதான் அதன் உயிர். அதாவது லத்தீன் சொல்லுக்கு நேர் எதிர். அவர்கள் சொல் திறந்த நிலத்தைச் சொன்னது, நம் சொல் சூழப்பட்ட நிலத்தைச் சொல்கிறது. மராத்திக்காரர்கள் சொல்லும் ‘ஆவார்’ என்பதும் சுற்றி அடைத்த இடம்தான். மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்யவில்லை என்று இப்போது தோன்றுகிறது. கேம்பஸ் இன்று என்னவாக இருக்கிறதோ அதை இந்திய மொழிகள் ஒளிக்காமல் சொல்கின்றன. கல்வி வளாகம், நீதிமன்ற வளாகம், வணிக வளாகம். கடைசியைச் சொல்லும்போது ரோமின் செப்டா நினைவுக்கு வராமல் இல்லை.

சொல் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் தமிழ் வீடுகளில் கேம்பஸ் என்பது இடமே அல்ல, ஒரு நிகழ்ச்சி. ‘உங்க பையனுக்குக் கேம்பஸ் எப்போ?’, ‘கேம்பஸ்லயே கிடைச்சிருச்சு’, ‘இந்த வருஷம் கேம்பஸ் சரியில்லையாம்’ என்கிறோம். கம்பெனி வந்து வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு ஆள் எடுக்கும் நாளுக்கு அது பெயர். மார்ஸின் வெளியில் ரோமானிய இளைஞர்களைக் கணக்கெடுத்துப் படைக்குப் பதிந்ததும் இதே சொல்லின் கீழேதான். அப்படி எடுக்கப்பட்டு கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் பிள்ளைகளில் பலர் வேலைக்குப் போவது புனேயை ஒட்டிய ஹிஞ்சவாடிக்கு. அங்கே அலுவலகத்தையும் கேம்பஸ் என்கிறார்கள். படித்த கேம்பஸில் மரத்தடியில் உட்கார்ந்து நிர்வாகத்தை எதிர்த்துப் பேசியிருக்கலாம். இந்தக் கேம்பஸில் கழுத்தட்டையைக் காட்டினால்தான் கதவே திறக்கும்.

அவர்கள் வாடகைக்கு வீடு தேடும் ஊர்களில் ஒன்று ஔந்த். பரிஹார் சௌக்கிலும் ஐ.டி.ஐ. சாலையிலும் மாலையில் நடந்தால் தமிழ் காதில் விழும். பழைய ஔந்த் காவ் சந்துகள் இன்னும் இருக்கின்றன, அடுக்குமாடிகளுக்குப் பின்னால். நாற்சந்தி ஒன்றுக்கு, புனேயோடு உறவு பூண்ட ஜெர்மானிய நகரமான பிரேமனின் பெயர். பல்கலைக்கழகச் சந்திப்பிலிருந்த மேம்பாலத்தை 2020இல், ஊரடங்கின் நடுவே, இடித்தார்கள். ஹிஞ்சவாடியிலிருந்து சிவாஜிநகர்வரை ஏறத்தாழ 23 கி.மீ. நீள மெட்ரோவுக்கும் அதற்கடியில் வண்டிகளுக்குமாக ஈரடுக்குப் பாலம் அங்கே எழுந்தது. குதிரைகள் சிக்கிய சதுப்பு எங்கே இருந்தது என்று இப்போது சுட்டிக்காட்டுவது கடினம்.

ஔந்த் கேம்ப் மட்டும் தன் தொழிலை மறக்கவில்லை. 2016 மார்ச்சில் ஆசியான் நாடுகளும் அவற்றோடு உரையாடல் உறவுள்ள நாடுகளுமாக 18 நாட்டுப் படைகள் இங்கே ‘ஃபோர்ஸ் 18’ கூட்டுப் பயிற்சி செய்தன. 2019இல் 17 ஆப்பிரிக்க நாடுகளின் வீரர்கள் வந்தார்கள். அவற்றுக்கு ராணுவம் தரும் பெயர் களப் பயிற்சி.

பல்கலைக்கழகத்துக்காக நான் விரும்புவது ஒன்றே. 411 ஏக்கர் என்பது புனே போன்ற நகரத்தில் பெருஞ்செல்வம். இனிமேல் கட்டடம் வேண்டுமென்றால் உயரட்டும், தரையைத் தொடவேண்டாம். வாயிலில் யார், எங்கே, எதற்கு என்ற கேள்விகள் எந்த நிறுவனத்திலும் ஆண்டுக்காண்டு நீளத்தான் செய்யும். பாதுகாப்புக்குத் தேவையானதைக் கேட்கட்டும். அதிகாலையில் நடக்க வரும் ஔந்த் முதியவரும், நூலகத்தைப் பார்க்க ஆசைப்படும் கட்கிப் பள்ளிப்பிள்ளையும் அங்கே திருப்பி அனுப்பப்படக் கூடாது. நிலம் அவர்கள் முன்னோர் உழுதது.

நல்லவேளையாக, பல்கலைக்கழகத்துக்கு அருகே கணேஷ்கிண்ட் தோட்டம் இன்னும் தோட்டமாகவே இருக்கிறது. ஆளுநர்கள் காலத்தில் உருவானது. இன்று மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. பழைய மாமரங்கள், நாற்றங்கால்கள், பழப்பயிர் ஆராய்ச்சி. சந்திப்பில் மேம்பாலம் இடிபட்ட அதே 2020இல், சுமார் 33 ஹெக்டேர் கொண்ட இந்தத் தோட்டத்தை மகாராஷ்டிர அரசு பல்லுயிர் மரபுத்தலமாக அறிவித்தது. இனி அங்கே கட்டடம் எழுப்ப நினைப்பவர் அந்த அறிவிப்பைத் தாண்டித்தான் வரவேண்டும்.